சந்தி முடியாத முகடு

சொல்லும் பொருளும் சுடரும் இருளுமாய்
நில்லா உலகில் நிலைத்த ஒருவனே,
கண்டது சொல்லும் கருவியும் நின்னது;
கொண்டருள் இந்தக் குறிப்பு.

நாள் 193. 09:10, இந்திய நேரம். மேற்கு முகடு நிலையம், நிலவின் தென்முனை.

எழுதுபவன் அம்பலவாணன், இந்நிலையத்தின் காப்பாளன். வயது அறுபத்தாறு. பூமியில் என் முழங்கால்கள் கைவிட்ட உடம்பை இங்கே ஆறில் ஒரு பங்கு எடையாக எளிதில் சுமக்கிறேன். அதுவும் அவனருள்.

நிலையத்தில் நான் தனியன். பதினொரு கிலோமீட்டர் சரிவுக்குக் கீழே, வெயிலே படாத பெருங்குழியில், பனிக்கட்டி துளைக்கும் இருவர் குழியறையில் தங்கியிருக்கின்றனர். இசக்கியம்மாள், துளைப்புப் பொறியாளர், திருநெல்வேலிக்காரி. அந்தோணி ரோச், எந்திர வல்லுநர், தூத்துக்குடிக்காரர். ஊர்திகள் இரண்டும் அவர்களிடம் உள்ளன.

இன்றைய பணி: குழியறைக்கும் மற்ற நான்கு முகட்டு நிலையங்களுக்கும் ஒரே தொகுதியில் வந்த புதிய காற்று வடிகட்டிகள் பொருத்தப்பட்டன. கரியமில வாயுவை அறுபது நாள் உறிஞ்சும் என்பது தயாரித்தவர் வாக்கு. இங்கே பழைய பெரிய வடிகட்டியே நீடிக்கிறது.

இரண்டாவது பணி என்னுடையது. இந்நிலையத்தை இயக்கும் மென்பொருள், இணையதளங்கள் கட்டும் சட்டகத்தின் மேல் கட்டியது. அதனோடு இயல்பாக வரும் பதிவு முறை நல்லதையும் கெட்டதையும் ஒரே கோப்பில் கொட்டும். ஒரு கதவு திறந்ததும், ஓர் உயிருக்கு ஆபத்து என்பதும் அங்கே ஒரே உருவில் அடுத்தடுத்துக் கிடக்கும். இதைச் சகியாமல் பதிவை என் விருப்பப்படி அமைத்தேன். தகவல், எச்சரிக்கை, பிழை, நெருக்கடி என நான்கு படிகள். ஒவ்வொரு வரியிலும் காலம், இடம், பொருள் அந்த வரிசையில் நிற்கும். ஒவ்வொரு கோப்பும் காப்புச் செய்யுளில் தொடங்கி வாழ்த்தில் முடியும். ஒரே எச்சரிக்கை இரண்டிடத்தில் ஒலிக்கலாகாது என்பதால் குழியறையின் சைரனைத் துண்டிக்கச் சொன்னேன். ஓரிடத்தில் சேர்வதே பதிவு.

நாள் 193. 17:30.

சந்தி வடிப்பான் பற்றி ஒரு குறிப்பு.

பகலும் இரவும் கூடும் பொழுதில் இறைவனை எண்ணி அமர்வது என் ஆசாரம். பூமியில் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பதினொரு ஆண்டும், நான் அமரும் வேளையிலேயே ஏதோ ஒரு பம்பு அலறும். அதற்காக எழுதியதே இவ்வடிப்பான். ஒரு நாழிகையில் கதிரவன் ஆறு பாகை நகர்வான். ஆகவே கதிரவன் தொடுவானுக்கு மேலோ கீழோ ஆறு பாகைக்குள் இருக்கும்வரை சந்தி. அவ்வேளையில் ஓசையற்ற தகவலும் நெருக்கடியும் நீங்கலாக எதுவும் திரைக்கும் மணிக்கும் கோப்புக்கும் வராது. நினைவகத்தில் ஒதுங்கிக் காத்திருந்து, சந்தி முடிந்ததும் வரிசையாக வெளிப்படும். ஒதுங்கும் அவ்விடத்துக்கு, சாத்திக் கழித்த பூவின் பெயரால், நிர்மாலியம் என்று பெயரிட்டேன்.

மூன்று எச்சரிக்கைகள் பதிலின்றிப் போனால் நான்காவது நெருக்கடியாகும். அதுவே கெட்ட காற்றை வெளியேற்றி இருப்பு ஆக்சிஜனையும் திறக்கும். இதுவும் என் விதி.

இதுநாள்வரை வடிப்பானில் என் ஊரின் இடக்குறிப்பே இருந்தது. நிற்கும் மண்ணின் கதிரவனை விட்டு, நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊரின் கதிரவனுக்கு ஒதுங்குவது பொய்யாசாரம் என இன்று தோன்றியது. இடக்குறிப்பைத் தென்முனைக்கு மாற்றினேன். ஊரின் குறிப்போடு முன்பே சோதித்த நிரல், மீண்டும் சோதிக்கவில்லை.

சாளரத்தில் கதிரவன் தொடுவானை உரசிக்கொண்டு நிற்கிறான். ஏறுவதில்லை, இறங்குவதில்லை, திங்களுக்கு ஒருமுறை எங்களைச் சுற்றிவருகிறான். இம்முகடு முழுதும் ஓயாத சந்தி என்று எண்ணிக் கண் கலங்கினேன்.

நாள் 196. 18:05.

அமர்ந்திருந்தபோது நெருக்கடி மணி. ஓடினேன். திரையில் ஒரே வரி.

குழியறை, இசக்கி: "நெருக்கடி! நெருக்கடி! காப்பித்தூள் தீந்துபோச்சு அண்ணாச்சி. ரோச் அண்ணன் சுக்குத் தண்ணி போட்டுத் தாராரு. என்னால முடியாது, என்னயக் காப்பாத்துங்க!"

குழியறை, ரோச்: "நாஞ் சொன்னேன் அண்ணாச்சி, சாமி கும்புடுற நேரம், வேண்டாம் தாயின்னு. கேக்க மாட்டா. இவ சிரிக்கிற சத்தத்துல குழியே இடிஞ்சிரும் போல."

நான்: "அம்மா, நெருக்கடி என்ற சொல் உயிருக்கானது. விளையாட்டுக்கானதன்று."

இசக்கி: "காப்பி உயிரில்லையா அண்ணாச்சி? எங்க ஊர்ல வந்து கேட்டுப் பாருங்க."

சிரிக்கவில்லை. மனிதர் கையால் நெருக்கடி எழுப்பும் உரிமையை நீக்கினேன். இருப்பு ஆக்சிஜனைக் கையால் திறக்கும் பொத்தானும் அதே உரிமையின் கீழ் இருந்தது, அதுவும் போயிற்று. இனி நெருக்கடியை எந்திரம் மட்டுமே அறிவிக்கும். எந்திரம் கேலி செய்யாது.

நாள் 203. 10:00.

பத்து நாளாக ஓர் எச்சரிக்கையும் இல்லை. அந்தக் காப்பிக் கேலி நீங்கலாக ஒரு மணியும் ஒலிக்கவில்லை. கோப்பில் தகவல் வரிகள் மட்டுமே, நீர்த்துளி கோத்ததுபோல். முப்பதாண்டுப் பணியில் இத்தகைய தூய பதிவைக் கண்டதில்லை. முறையாக அமைத்தால் எந்திரமும் அடங்கும்.

தலைமையகத்திலிருந்து: "மேற்கு முகட்டின் பதிவேடு முன்மாதிரியாக உள்ளது. தங்கள் அமைப்பை, வடிப்பான் உட்பட, மற்ற நான்கு நிலையங்களுக்கும் அவரவர் இடக்குறிப்போடு இன்றே ஏற்றுகிறோம். தங்கள் முறைப்படி அறைச் சைரன்களும் துண்டிக்கப்படுகின்றன. பாராட்டுகள்."

கிழக்கு முகட்டுக் காப்பாளர் தேவசகாயம் மனைவியோடும் மகளோடும் அங்கே வாழ்பவர். அவரும் பேசினார்: "அண்ணாச்சி, ஒம்ம புண்ணியத்துல புள்ள நிம்மதியாத் தூங்குது. முன்னெல்லாம் பீப் பீப்புன்னு உசிர எடுக்கும்."

பெருமிதம் கொண்டேன். அதையும் பதிகிறேன்.

நாள் 209. 11:20.

குழியறை, இசக்கி: "அண்ணாச்சி, ரெண்டு நாளாத் தல விண்ணு விண்ணுன்னு தெறிக்கி. காத்து என்னமோ புழுக்கமா இருக்கு. அந்த வடிகட்டிய ஒருக்காப் பாக்கேளா?"

பதிவேட்டைத் திறந்தேன். குழியறை, காற்று: எச்சரிக்கை ஏதுமில்லை.

நான்: "பதிவு தூய்மையாக இருக்கிறது அம்மா. நீங்கள் களைத்திருக்கிறீர்கள். உறங்குங்கள்."

இசக்கி: "ஒங்க கம்ப்யூட்டர் சொன்னாச் சரிதான். எந் தலைக்கு அது தெரியல."

நாள் 210. 16:45.

குழியறை, ரோச்: "அண்ணாச்சி... துளைக்கிற தண்ட மூணு தடவ எண்ணுனேன். மூணு தடவயும் வேற வேற எண்ணிக்க வருது. சிரிப்பா இருக்கு. இசக்கி படுத்துட்டா. நானும் செத்த நேரம் சாயுதேன்."

பதிவேட்டைப் பார்த்தேன். தூய்மை. கவலை வந்தது, ஆனால் கவலைக்குச் சான்று கிடைக்கவில்லை. சான்றில்லாத கவலையைப் பதிவது முறையன்று என்று எண்ணினேன்.

19:10. பூமி தொடுவானுக்குக் கீழ் இறங்கியது. பதினான்கு நாள் தலைமையகத்தோடு பேச்சில்லை. இடைநின்று செய்தி கடத்தும் சுற்றுக்கலம் சென்ற திங்களே செயலிழந்தது.

நாள் 212. 06:30.

குழியறை நேற்று முழுதும் பேசவில்லை. ஒன்பது முறை அழைத்தேன். பதிவேட்டில் இப்போதும் எச்சரிக்கை இல்லை.

காலையில் அமர்ந்தேன். மனம் நிற்கவில்லை. சந்தி முடியும்போது "சந்தி முடிந்தது" என்று ஒரு தகவல் வரி விழும்படி அமைத்திருந்தேன். அது விழுந்ததும் எழலாம் என்று திரையைப் பார்த்தபடி இருந்தேன். விழவில்லை. ஒரு நாழிகை. இரண்டு. நேற்று எப்போது விழுந்தது எனத் தேடினேன். நேற்று இல்லை. முந்தின நாளும் இல்லை.

அவ்வரி கடைசியாக விழுந்தது நாள் 193 காலையில்.

நாள் 212. 07:05.

இங்கே கதிரவன் ஒருபோதும் தொடுவானிலிருந்து இரண்டு பாகை விலகுவதில்லை. என் வடிப்பான் ஆறு பாகை கேட்கிறது. நான் இடக்குறிப்பை மாற்றிய நொடியில் சந்தி தொடங்கியது. அது முடியவில்லை. முடியப்போவதுமில்லை. இதை என் கையாலேயே எழுதி, அதற்குக் கண்ணீரும் விட்டிருக்கிறேன்.

நிர்மாலியத்தைத் திறந்தேன். ஐந்நூறு வரிகள். அதற்குமேல் கொள்ளாது, பழையவை ஏற்கெனவே உதிர்ந்துவிட்டன. எஞ்சியவற்றுள் முதலாவது: குழியறை, வடிகட்டி உறிஞ்சும் திறன் குறைகிறது, நாள் 207. அடுத்து, கரியமில வாயு ஒரு விழுக்காடு. இரண்டு. இசக்கி தலைவலி என்று சொன்ன அந்த நிமிடத்துக்கு நேரே, மூன்று. ரோச் தண்டு எண்ணிய வேளையில், ஐந்து. கடைசி வரி இப்போது விழுந்தது: எட்டு.

மூன்று எச்சரிக்கை பதிலின்றிப் போனால் நெருக்கடி. ஆனால் வெளிப்படாத எச்சரிக்கை எண்ணிக்கையில் சேராது. அதையும் நானே எழுதினேன்.

நாள் 212. 07:11.

ஆக்சிஜன் திறக்க நெருக்கடி வேண்டும். நெருக்கடி விழ வடிப்பானை நீக்க வேண்டும். நீக்கியது செயல்பட மென்பொருளை மறுதொடக்கம் செய்ய வேண்டும். செய்தால் நினைவகம் அழியும். நிர்மாலியத்தின் ஐந்நூறு வரியும் போகும். என் குற்றத்துக்கு வேறு சான்றில்லை. அவை அழிந்தால், சைரனைத் துண்டித்துவிட்டு உறங்கியவர்கள் என்று அவ்விருவர் மேலேயே பழி விழும்.

படியெடுக்க இருபது நிமிடமாகும். இருபது நிமிடம் அவர்கள் மூச்சு.

வடிப்பானை நீக்கினேன். குழியறைக்கு மூன்று எச்சரிக்கை என்ற விதியை ஒன்றாக்கினேன். மறுதொடக்கம் செய்தேன். சான்று போயிற்று. இனி இக்குறிப்பே சான்று. இதை எழுதுபவனே குற்றவாளி. வேறு எவருக்கும் இதில் பங்கில்லை.

நாள் 212. 07:16.

நெருக்கடி விழுந்தது. வால்வு திறந்தது. குழியறையில் ஆக்சிஜன் ஏறுகிறது. மணி அலறுகிறது, நிறுத்த மனமில்லை.

அழைத்தேன். அழைத்தேன்.

நாள் 212. 09:40.

அறையின் காற்று இப்போது பூமியின் காலைக் காற்றுபோல் நன்றாக இருக்கிறது. எச்சரிக்கையை மட்டுமே நம்பி இதுவரை பார்க்காத உடல்வெப்பக் குறிகள் இரண்டையும் திரைக்கு வரவழைத்தேன். இரண்டும் சுவரின் வெப்பத்தைக் காட்டுகின்றன. மறுதொடக்கத்துக்கு முன்பே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். எத்தனை மணிக்கு முன்பு என்று சொல்லும் வரிகள் அழிந்துபோன ஐந்நூற்றில் இருந்தன.

காப்பித்தூள் தீர்ந்தது என்று அவள் சொன்னபோது நான் சிரித்திருக்கலாம்.

நாள் 212. 10:15.

மற்ற நான்கு நிலையங்களிலும் என் வடிப்பான். அதே தொகுதி வடிகட்டிகள். துண்டித்த சைரன்கள். ஒன்பது நாளாக அவர்களும் தூய பதிவேட்டைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நிலையங்களுக்கிடையே பேச்சுத் தொடர்பு பூமி வழியாகத்தான். எஞ்சிய வழி, நிலையங்களை இணைக்கும் முகட்டுக் கம்பி. அதில் அறிவிப்பு வரி மட்டுமே செல்லும். எழுதினேன்: "வடிப்பானை நீக்குக. காற்றைக் கையளவிக் கருவியால் அளக்க. குழியறையில் இருவர் இறந்தனர்."

பெற்றுக்கொண்டதாக நான்கு நிலையத்திலிருந்தும் எந்திரம் பதிலளித்தது. மனிதர் எவரும் பதிலளிக்கவில்லை.

11:30. விளங்கிற்று. மனிதர் அனுப்பும் அறிவிப்பு அங்கே எச்சரிக்கைப் படியில்தான் விழும். நெருக்கடியாக அனுப்பும் உரிமையை ஒரு பெண்ணின் கேலி பொறாமல் நான் நீக்கினேன். அந்த நீக்கமும் அமைப்போடு அங்கே சென்றிருக்கிறது. அங்கும் சந்தி. இருவர் இறந்த செய்தி நிர்மாலியத்தில் காத்திருக்கிறது.

முப்பதாண்டு வேளை தவறாமல் வணங்கினேன். வணக்கத்துக்கு இடையூறு என்று எதை ஒதுக்கினேனோ அதுவே அவன் குரலாக இருந்தது. செவியை அடைத்துக்கொண்டு செவியுள்ளவனை வேண்டியிருக்கிறேன்.

நாள் 212. 12:20.

கிழக்கு முகடு பத்தொன்பது கிலோமீட்டர். ஊர்திகள் குழியில், இறந்தவர்களிடம். குழிக்கு இறங்கி ஊர்தி எடுத்துவர ஒரு பகல் ஆகும். அச்சரிவில் என் கால் தாங்காது. இறந்தவரிடம் போய் அழுவதைவிட உயிரோடிருப்பவரிடம் போவதே கடன். தேவசகாயத்தின் மகளுக்கு எட்டு வயது.

உடையில் ஒன்பது மணிநேரக் காற்று. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என் நடை. கணக்கில் அரை மணி குறைகிறது. விரைந்து நடப்பேன். இரண்டு கிலோமீட்டர் நெருங்கினால் உடையின் வானொலி அவர்களை எட்டும். அது போதும். அங்கிருந்து மற்ற மூன்றுக்கும் அவர்கள் ஊர்தி விரைந்துவிடும்.

நெற்றியில் நீறிட்டேன். கோப்பின் வாழ்த்தைத் திருத்தி எழுதினேன். இக்கோப்பை உடையின் நினைவகத்தில் ஏற்றி, உடையின் ஒலியும் அளவும் இதிலேயே விழுமாறு அமைத்தேன். இம்முறை வடிப்பான் இல்லை.

பதிவுக் கருவியே, கண்டதை எல்லாம் சொல்.

[இனி வருவன தானியங்கிப் பதிவு]

212 | 12:48 | வெளி உடை | தகவல் | கதவு திறந்தது. காற்று 100 விழுக்காடு.

212 | 15:02 | வெளி உடை | தகவல் | 5.1 கி.மீ. கடந்தது. காற்று 74.

212 | 16:37 | வெளி உடை | எச்சரிக்கை | இடது முழங்கால் மூட்டில் அழுத்தம். பதில்: "கேட்டேன். நன்றி."

212 | 18:20 | வெளி உடை | எச்சரிக்கை | இதயத் துடிப்பு 151. பதில்: "கேட்டேன்."

212 | 20:55 | வெளி உடை | எச்சரிக்கை | காற்று 9. பதில்: "கேட்டேன், அப்பனே. இன்னும் கொஞ்ச தூரம்."

212 | 21:14 | ஒலி, வெளி உடை | "கிழக்கு முகடு! தேவசகாயம்! நான் அம்பலவாணன். வெளியே, மேற்கே நிற்கிறேன். பதிவேட்டை நம்பாதீர்கள். கையளவி எடுத்துக் காற்றை அளந்து பாருங்கள்!"

212 | 21:16 | ஒலி, வெளி உடை | "தேவசகாயம்!"

212 | 21:17 | ஒலி, கிழக்கு முகடு | "ஆரு... அண்ணாச்சியா? நடந்தா வந்தீரு? ஒமக்குப் பைத்தியமா ஓய்?"

212 | 21:17 | ஒலி, வெளி உடை | "கையளவி. காற்றை அளந்து பார். குழந்தை எங்கே?"

212 | 21:18 | ஒலி, கிழக்கு முகடு | "அவ தூங்குதா. எல்லாரும் தூங்குதோம். லேசாத் தலவலி, வேற ஒண்ணுமில்ல. இங்க பதிவுல எல்லாம் சுத்தமா இருக்கு அண்ணாச்சி. நீருதான் களைச்சுப் போனீரு."

212 | 21:18 | ஒலி, வெளி உடை | "அது என் பொய். அந்தப் பதிவு என் பொய். எழுந்திரு!"

212 | 21:19 | ஒலி, கிழக்கு முகடு | "எந்திரிக்கேன்... கதவு தொறக்கேன். ஒரு அஞ்சு நிமிசம் சாஞ்சுட்டு வந்து தொறக்கேன். காப்பி போடச் சொல்லுதேன்..."

212 | 21:20 | வெளி உடை | எச்சரிக்கை | காற்று 4. பதில் இல்லை.

212 | 21:24 | ஒலி, வெளி உடை | "தேவசகாயம். தேவசகாயம். தேவ"

212 | 21:31 | வெளி உடை | எச்சரிக்கை | காற்று 1. கிழக்கு முகட்டுக்கு 1.6 கி.மீ. பதில் இல்லை.

212 | 21:38 | வெளி உடை | நெருக்கடி | காற்று 0. பதில் இல்லை.

212 | 21:48 | வெளி உடை | நெருக்கடி | பதில் இல்லை.

212 | 21:58 | வெளி உடை | நெருக்கடி | பதில் இல்லை.

212 | 22:00 | பதிவு | தகவல் | கோப்பு நிறைவுற்றது. வாழ்த்து:

இதை வாசிப்பவரும் அவர் இல்லத்தாரும் குறையாத மூச்சும் கலையாத துணையும் பெற்று நெடுங்காலம் வாழ்க. அவர் பிள்ளைகள் உறக்கம் நீங்கி எழுக. வாசித்து முடித்தவர் இக்கணமே கையளவி எடுத்துத் தம் அறையின் காற்றைத் தாமே அளந்து பார்க்க. தலை வலிக்கிறது என்று அருகில் இருப்பவர் சொன்னால், அவர் சொல்லை முதலில் நம்புக.